டாக்டர் மரகதம் அடித்து எழுதிய வரி

திங்கட்கிழமை காலை ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கோபிசெட்டிபாளையத்திலிருந்து தொலைபேசி வந்தது. "மாமா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான் டாக்டர் மரகதத்தின் மகன். பல்லைப் பாதியில் விட முடியாது. பிடுங்கி முடித்துவிட்டு, உள்ளறையில் உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்: அவர் சிரித்தால், எங்கள் காந்திபுரம் கிளினிக்கின் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரரும் காரணம் தெரியாமல் சிரிப்பார். ஈறு சிகிச்சை அவர் பாடு, பல் பிடுங்குவது என் பாடு. "பிடுங்கறதுக்கு முன்னால எனக்கு ஒருக்காக் காட்டுங்க, கும்புட்டுக் கேக்கறேன்" என்பார். ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டோம்.

நான்கு வருடங்களுக்கு முன் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ரங்கசாமி வந்தார். நாற்பது வயதிலேயே கீழ் முன்பற்களில் இரண்டு ஆடின. வேரைச் சுற்றி எலும்பு கரைந்து குழி விழுந்திருந்தது. பிடுங்கிவிடலாம் என்றேன். "என்ற பல்லு எனக்கு வேணுமுங்க" என்று கண் கலங்கினார். மரகதத்துக்கு அது போதும். ஈறைத் திறந்து, குழியைச் சுத்தம் செய்து, எலும்புப் பொடியில் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து நிரப்பி, மேலே மெல்லிய சவ்வைப் போர்த்தித் தைப்பதாகச் சொன்னார். ஈறு முந்திக்கொண்டு குழிக்குள் இறங்காமல், எலும்பு வளரும்வரை சவ்வு இடம் பிடித்து வைக்கும். எங்கள் கிளினிக்கில் அதுதான் முதல் முறை.

"மாத்திரை முழுங்குனாப் பத்தாதுங்களா?" என்று கேட்டார் ரங்கசாமி.

"காடு பூராத் தண்ணி உடறதவிட, வேர்லயே ஊத்தறது நல்லதில்லீங்களா?" என்றார் மரகதம்.

மஞ்சள் நிற டெட்ராசைக்ளின் பொடியைப் பார்த்ததும் ரங்கசாமியின் முகம் மலர்ந்தது. "ஏனுங்க டாக்டரம்மா, இது நம்ம கோழிக்குத் தண்ணியில கலக்கறதுங்களே!"

"அதே மருந்துதானுங்க" என்று மரகதம் சிரித்தார்.

பத்தாம் நாள் வாயெல்லாம் மஞ்சளாக வந்து நின்றார் மனிதர். தையல் லேசாக வீங்கியதாம். வேரிலேயே ஊற்றுவது நல்லது என்றார்களே என்று, பண்ணையிலிருந்த கோழி மருந்தை எடுத்து மூன்று வேளையும் விரலால் தேய்த்திருக்கிறார். தையல் பிரிந்து சவ்வின் ஓரம் வெளியே தெரிந்தது. கிருமி உள்ளே போனால் அத்தனையும் வீண். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'நோயாளி சொன்னபடி நடக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். மரகதம் பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு, 'டாக்டர் பாதிதான் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாதிய நான் சொல்லிப்போட்டேன், மீதிய அவரு செஞ்சுபோட்டாரு. தப்பு யாருதுங்க?" என்றார். பிறகுதான் சிரித்தார். ரங்கசாமியும் சிரித்தார். கடைசியில் நானும்.

மரகதம் அவரை வாரத்துக்கு இருமுறை வரவழைத்துப் புண்ணைக் கழுவினார். குறித்த நாளுக்கு முன்பே சவ்வை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறாம் மாத எக்ஸ்ரேயில் குழி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. பற்கள் ஆடவில்லை. ரங்கசாமி அங்கேயே ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டினார்; மரகதம் கைதட்டினார். அந்த எக்ஸ்ரேயைப் பல் மருத்துவர்கள் கூட்டத்தில் காட்டியபோது கோழி மருந்துக் கதையையும் அவர் மறைக்கவில்லை. "அது என்ற தப்புங்க" என்றார். கூட்டமே குலுங்கிச் சிரித்தது.

அதன்பின், யாருக்குச் சிகிச்சை முடித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னத இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பாக்கலாம்" என்பார். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து சொல்வார். நேரம் வீண் என்று நான் முணுமுணுப்பேன்.

நேற்று ஒரு அம்மாவுக்குப் பல் எடுத்தேன். முடிந்ததும், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றில் இரண்டைத் தலைகீழாகச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மரகதத்திடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது, இப்படி இரண்டாவது முறை சொல்வதுதான்.