பின் சீட்டுக்காரர்

பாக்கியமேரி கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சர். 1999இல் ஒரு மொபெட் வாங்கினாள். திண்டிவனத்தில் இருந்த தம்பி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவள் கணவர் அருள்நாதன் திண்டிவனத்து அரிசி மண்டியில் வேலை பார்த்தார். அவருக்குச் சைக்கிளே தடுமாறும்.

மாலையில் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காத்திருக்கும் மனைவியின் பின்னால் உட்கார்ந்து வருவார். ஏரிக்கரைத் திருப்பம் வந்ததும் முதுகைத் தட்டுவார்.

"நிறுத்து. காலு மரத்துப்போச்சு. நடந்து வர்றேன்."

அந்தக் கால் ஊர் எல்லையில் மட்டும்தான் மரத்துப்போகும். அவள் டிபன் பையோடு முன்னால் போவாள். அவர் கைவீசி நடந்து, ஆம்பளையாக ஊருக்குள் நுழைவார்.

மாதா கோயில் திருவிழாவன்று அவருக்கு ரோஷம் வந்தது. தானே ஓட்டப் போனவர் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். கணுக்கால் முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஊர் பார்க்கப் பின் சீட்டில் போக வேண்டியதாயிற்று.

கண்ணை மூடிக்கொண்டு போனார். ஆனால் ஊர் சிரிக்கவில்லை.

"பொம்பளைக்கு வண்டி கத்துக் குடுத்து, நம்பிப் பின்னாடியும் ஒக்காந்துக்கினு போறாரு பாரு. எம்மாம் பெரிய மனசு!" என்றாள் எதிர்வீட்டு அஞ்சம்மாள்.

அருள்நாதன் கண்ணைத் திறந்தார், மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியமேரி கேட்டாள்: "எப்பங்க எனக்குக் கத்துக் குடுத்தீங்க?"

"ஊரே சொல்லுது, வுடேன். எதுக்குப் பேஜாரு?"

மறுநாளே அஞ்சம்மாள் வந்து நின்றாள். "அண்ணே, எங்கூட்டுல வண்டி சும்மாதான் நிக்குது. எனக்கும் கத்துக் குடுங்கண்ணே."

"அதுக்கின்னா, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கோயில் மைதானத்துக்கு வந்துடு."

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கட்டுக்காலை நீட்டிக்கொண்டு, "பிரேக்க புடி! நேரா பாரு!" என்று ஆசான் கத்தினார். கேரியரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கூடவே ஓடியவள் பாக்கியமேரி. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சில பெண்கள் வந்தார்கள்.

"சந்தேகம்னா அவரைக் கேளுங்க. ஓட்டணும்னா என்னைப் பாருங்க" என்று பாக்கியமேரி அவர்களிடம் சொல்லி வைத்தாள்.

அஞ்சம்மாள் சீக்கிரமே தேறிவிட்டாள். ஒருநாள் யாரையும் கேட்காமல் திண்டிவனம் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று மாலையே அவள் கணவன் கோதண்டபாணி நாலு ஆட்களோடு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா அருளு, ஊட்டுல சோறு இல்ல, வண்டியும் இல்ல! பொம்பளைங்களக் கெடுத்து வச்சிருக்கியே, நல்லா இருக்கா?"

அருள்நாதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை ஏம்ப்பா கேக்கற? மாதா சத்தியமா எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. எல்லாம் இவதான்!"

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பாக்கியமேரி எழுந்து வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பேருக்கு வந்த முதல் பெருமை, புகாராகத்தான் வந்தது. வந்ததை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

"ஆமாங்க," என்றாள், "நான்தான் கத்துக் குடுத்தேன்."

அருள்நாதன் பலமாகத் தலையாட்டினார்.