முழங்குமுன் அளந்த பாட்டுகள்

பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவனுக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்காது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலே சும்மா இருக்கிறான் என்று பெயர் வாங்கிய தோழர்களே, உங்களுக்குத்தான் இது தெரியும்.

பிம்புரா

பட்டம் வாங்கி, அரசாங்க நியமனம் வராமல், கொடகவெல பஜாரில் ஒரு ஒலிபெருக்கிக் கடையில் சேர்ந்தேன். முந்தைய வருஷம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தேர் நடுவழியில் வரும்போது எங்கள் கடை போட்ட பாட்டு நின்றுபோனதாம். "இந்த வருஷமும் நின்னா, நீ வீட்டுக்குப் போயிரு தம்பி" என்றார் முதலாளி.

பயத்தில் தூக்கமே வரவில்லை. பென் டிரைவிலும் சிடியிலும் வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்க முடியுமா? நீளம், வேகம், தரம் மூன்றையும் மொத்தமாகப் படித்துச் சொல்ல பைதானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அரை நிமிடத்துக்குக் குறைந்ததெல்லாம் பழுது என்று தனியே ஒதுக்கும்.

பைதான் என்றால் மலைப்பாம்பு, சிங்களத்தில் பிம்புரா, என்று தெரிந்ததும், ஸ்பீக்கர் கட்டும் சுனில் எட்டிப் பார்த்தான். "பிம்புரெக்த? பாட்ட முழுங்காம இருந்தா சரி!"

காணாமல் போன குரல்

கோயில் கமிட்டித் தலைவர் ராமையா அண்ணன் சரிபார்க்க வந்தார். பாட்டுகளைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தவர் முகம் மெல்ல வாடியது. செருப்பைக் கழற்றச் சொல்லும் அறிவிப்பை அவரே பேசிக் கொடுத்திருந்தார். தன் குரல் முழங்கப்போகிறது என்று கித்துல்கல சம்பந்தி வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டே வினாடி என்பதால் என் ஸ்கிரிப்ட் அதைப் பழுதில் தள்ளியிருந்தது.

"சாமி பாட்டெல்லாம் இருக்கு. என் சத்தத்த மட்டும் எங்க தம்பி ஒளிச்சு வச்சீங்க?"

கீச்சுக் குரல்

அதைத் தேடி எடுத்து, அவர் கொண்டுவந்திருந்த கோயிலின் பழைய பிளேயரில் போட்டேன். அது மற்றப் பாட்டுகளின் பாதி வேகத்தில் பதிவானது என்று ஸ்கிரிப்ட் ஏற்கெனவே காட்டியிருந்தது. நான்தான் நீளத்தை மட்டும் பார்த்தேன். அந்தப் பிளேயருக்கோ ஒரே வேகம்தான் தெரியும். இரண்டு மடங்கு அவசரத்தில் கீச்சென்று ஒரு குரல் வந்தது.

ராமையா அண்ணன் உன்னிப்பாகக் கேட்டார். "நல்லாத்தான் பேசுறா. ஆனா இது என் பேத்தில்ல?"

முதலாளியே சிரித்துவிட்டார். நான் உடனே வேகத்தை மாற்றிக் கொடுத்தேன்.

இங்கேயே

தேர் அன்று ஒரு பாட்டும் நிற்கவில்லை. "பக்தகோடிகளே, செருப்ப இங்கேயே கழட்டிருங்க" என்ற குரல் மலையெல்லாம் முழங்கியது. தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷன்காரர்கள் தொழிற்சாலை வளைவில் வரும்போதே அதைக் கேட்டு, அங்கேயே கழற்றிவிட்டு, அட்டைக் கடியோடு நொண்டிக்கொண்டே வந்தார்கள்.

"எவன்யா வளைவுலயே கழட்டச் சொன்னவன்?" என்றாள் ஒரு அக்கா. ராமையா அண்ணன் பெருமை தாங்காமல், "நான்தான் தாயி, தெளிவா கேட்டுச்சா?" என்றார்.

வயர் சுற்றும்போது முதலாளி என் பக்கம் வந்தார். "பாட்டு நிக்கல. அதனால நீ நில்லு."

நீளம், வேகம், தரம் எல்லாவற்றையும் அளக்கிறேன். 'இங்கே' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்று அளக்கத்தான் இன்னும் ஸ்கிரிப்ட் எழுத வரவில்லை.