ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ மிஷன் கோயிலில் ஆண்கள் இடப்பக்கம் உட்காருவார்கள், பெண்கள் வலப்பக்கம். நடுவில் பாதை. கல்யாணத்தன்று மட்டும் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வீட்டிலும் அவர் அதிகம் பேசமாட்டார். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பேச்சையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வருவார். எங்களுக்குக் குழந்தை இல்லை.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். கல்யாணமாகி ஏழாம் வருஷம், பள்ளிக்கூட லீவில் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குப் போனோம். பாகாலா வழியாக ரயிலில் போய்விடக்கூடிய திருப்பதி மலையில் ஒருநாளும் கால் வைக்காத மனுஷன், அனுராதபுரத்துப் புத்தர் கோயில்களில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கும் கல்தரையில் நடந்தார். எப்போதும்போல எனக்குப் பத்தடி முன்னால். கண்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். கடல் தாண்டி வந்தும் நான் அதிகம் பார்த்தது அவர் முதுகைத்தான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஞாயிறு ஆராதனைக்குக் கொழும்பில் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோயிலுக்குப் போவதாக இருந்தோம். அங்கே புருஷனும் பெண்சாதியும் ஒரே பெஞ்சில் உட்காருவார்களாம். எங்களைத் தெரிந்தவர் யாருமில்லாத ஊர். அங்கேயாவது அவர் என் பக்கத்தில் உட்காரமாட்டாரா என்று ஏங்கினேன்.

உள்ளே தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். ஜோடி ஜோடியாக ஜனங்கள். அவர் நேராக இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போனேன்.

"ஏங்க, இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்துகினு இருக்காங்க."

"அவங்க வழக்கம் அவங்களுக்கு. நீ அந்தாண்ட போய்க் குந்து" என்றார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

போய் உட்கார்ந்தேன். என் பெஞ்சில் ஒரு கிழத் தம்பதி ஒரே பாட்டுப் புஸ்தகத்தை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

சில வருஷம் கழித்துக் காய்ச்சலில் அவர் போய்விட்டார். சித்தூர்க் கோயிலில் பெட்டியை நடுப்பாதையில் வைத்தார்கள். "இப்டி வந்து குந்தும்மா" என்று போதகர் மனைவி என்னைப் பெண்கள் பக்கம் இழுத்தார். கையை விடுவித்துக்கொண்டேன். ஒரு நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் புஸ்தகத்தைத் திறந்து, அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.