ஒரு நோயாளியாவது வேண்டும் என்று ஜெபித்த நர்ஸ்

குவைத்தில் எனக்கு நர்ஸ் வேலை உறுதியானதும் எங்கள் சபையில் வழியனுப்பு ஜெபம் வைத்தார்கள். கேக் வெட்டினார்கள். போதகர் என் தலையில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார். மூன்றாம் நாள் ஏஜென்ட் போன் பண்ணி, அந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றார். அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் எஸ்தரு, கடலு வத்திப் போச்சா?" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

ஆராதனை முடியும்வரை நான் நிமிரவே இல்லை. ஆண்டவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது: கேக் வெட்டும் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆளில்லாத ஆலை

அதற்குப் பிறகு கிடைத்தது, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் முதலுதவி அறை வேலை. முதல் நாள் போனால், ஷெட்டுகளுக்கெல்லாம் அதிகாரிகள் சீல் வைத்திருந்தார்கள். முதலுதவி அறையும் நர்ஸும் இல்லை என்பது ஆலை மேல் எழுதப்பட்ட குறைகளில் ஒன்று. நர்ஸ் இருந்தால்தான் ஆலையைத் திறக்கலாம். ஆகவே ஒரு தொழிலாளிகூட இல்லாத ஆலைக்கு நான் நர்ஸ்.

வாட்ச்மேன் கருப்பசாமி அண்ணனிடம், "காயம்பட ஆளே இல்லையேண்ணே?" என்றேன்.

"உக்காருங்க சிஸ்டர். களவு போக ஒண்ணுமில்லாத எடத்துக்கு நான் காவல் இருக்கேன்ல?"

நாலு மாதம் உட்கார்ந்தேன். அந்த நாலு மாதத்தில் ரிஜிஸ்டரில் ஏறியது ஒரே பதிவு: 'ஆடு. முள்கம்பியில் காது கிழிசல். மருந்து போடப்பட்டது.' மேனேஜர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஆபீசர் வந்தா இத எப்படிம்மா காட்டுறது? நாலஞ்சு மனுசப் பேரையும் சேத்து எழுதுங்க."

"வந்தது அது ஒண்ணுதான் சார். பொய் எழுத மாட்டேன்."

வெளிநாட்டில் ஐ.சி.யூ. பார்க்கப் போயிருக்க வேண்டியவள், ஆட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் முதலுதவி அறையின் வெறுங்கட்டில் அருகே நின்று, "ஆண்டவரே, ஒரு நோயாளியையாவது அனுப்பும்" என்று ஜெபித்தேன். எங்கே நின்றுகொண்டு எதைக் கேட்கிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஒத்திகை

ஒரு நாள் ஆலையைச் சோதிக்க ஆபீசர் வந்தார். விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று செய்து காட்டச் சொன்னார். அங்கே இருந்தது நாலே பேர், அவரையும் சேர்த்து.

"வாட்ச்மேன், நீங்க காயம்பட்டவரு. படுங்க."

"நான் படுத்தா சைரன் அடிக்கிறது யாரு சார்? ஸ்ட்ரெச்சருக்கு ஒரு பக்கம் மேனேஜர் சார், மறுபக்கம் யாரு?"

"சிஸ்டர்?"

"அவுக மருந்து போடணும்ல?"

ஆபீசர் யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானே தரையில் படுத்துக்கொண்டார். "நான்தான் காயம்பட்டவன். ம், அடிங்க சைரன."

சைரன் அடித்தது. கருப்பசாமி அண்ணன் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்தார். ஸ்ட்ரெச்சரை ஆலை வாங்கியதிலிருந்து யாரும் பிரித்ததில்லை. துணியை எலி கடித்திருந்தது. பத்தடி போனதும் டர்ரென்று கிழிந்தது. ஆபீசர் கீழே கிடந்தார். ஸ்ட்ரெச்சர் கம்புகள் மட்டும் இன்னும் இரண்டடி முன்னால் போயின.

"ஆ… ஐயோ, காலு!"

"நல்லா நடிக்காக," என்றார் கருப்பசாமி அண்ணன் மெல்ல.

நடிப்பு இல்லை. கணுக்கால் சுளுக்கி வீங்கிக்கொண்டிருந்தது. காலைத் தூக்கி வைத்து, பானைத் தண்ணீரில் துணி நனைத்துப் போட்டு, பேண்டேஜ் சுற்றினேன். அவர் என் கட்டிலில் படுத்தபடியே அறிக்கை எழுதினார்: 'முதலுதவி திருப்தி. ஸ்ட்ரெச்சரை மாற்றவும்.'

அவரை ஜீப்பில் ஏற்றியதும் நான் சிரித்துவிட்டேன். "அண்ணே, தினமும் ஒரு நோயாளிக்காக ஜெபிச்சேன். கேட்டுட்டாரு!"

அண்ணன் சிரிக்கவில்லை.

"இங்கன நின்னா அப்படி வேண்டுனீக? ஆலை தொறந்தா எம் மருமவ இங்கனதான் வெடிக்கு மருந்து செலுத்த வரப்போறா."

பட்டாசு ஆலையில் நர்ஸுக்கு வேலை என்றால் அது என்ன வேலை? ஆண்டவர் நாலு மாதமாக என் ஜெபத்தைக் கேட்காமல் இருந்திருக்கிறார். அன்று அழுததுபோல் குவைத்துக்காகக்கூட நான் அழவில்லை.

திறந்த பிறகு

அடுத்த மாதம் ஆலை திறந்தது. வேனில் பெண்கள் வந்து இறங்கினார்கள். என் ஜெபம் மாறியிருந்தது: "இன்றும் என்னைச் சும்மா உட்கார வையும்."

எல்லா நாளும் அப்படிக் கழியவில்லை. ஒரு சித்திரை மாதம் ஒரு பெண் வெந்த கையோடு ஓடி வந்தாள். யாரோ டூத்பேஸ்ட் தடவப் போனார்கள், தடுத்தேன். குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். சுத்தமான துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். கை பிழைத்தது; இரண்டு விரல் மட்டும் மடங்காது. "இதுக்காகத்தான் கர்த்தர் உன்னக் குவைத்துக்கு விடல" என்று சபையில் சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு வேலை கொடுப்பதற்காக ஒருத்தியின் கையை வேகவிடுகிற கடவுளை நான் அறியேன். குவைத் வேலை ஏன் போயிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

புதிதாக ஆலை வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்ட்ரெச்சரை மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இன்னொன்று, கர்த்தர் நல்லவர் என்பதற்கு என்னிடம் சாட்சி கேட்டால், நான் கட்டிய காயங்களைச் சொல்ல மாட்டேன். காலையில் வந்த பெண்கள் அத்தனை பேரும், என்னை ஏறிட்டும் பார்க்காமல், பேசிச் சிரித்துக்கொண்டே வேன் ஏறிப் போன சாயங்காலங்களைச் சொல்வேன்.