பாக்கெட் மாஸ்டர் செய்த பீட்டா

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுவோம். பாக்கெட் மாஸ்டருக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது. சொத்துத் தகராறு கிடையாது, வாய்ச்சண்டையும் கிடையாது. எல்லாம் ஒரு ரொட்டியால் வந்த வினை.

மாஸ்டர் கால்சட்டை தைக்கும் கம்பெனியில் பாக்கெட் பிரிவில் இருப்பவர். அவர் ஒரு முழுக் கால்சட்டையைத் தைத்து யாரும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் பாக்கெட் மட்டும்தான். தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன் பாக்கெட்டைப் பார்ப்பார். அது வாய் பிளந்து தொங்கினால், "எந்தப் புண்ணியவான் தைச்சானோ" என்று முணுமுணுக்காமல் நகர மாட்டார். அவர் மனைவியும் அதே கம்பெனியில் பட்டன் கட்டியவர்தான். முழங்கால் வலி வந்து வேலையை விட்டார். உடம்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் தடை போட்டார். அன்றிலிருந்து வீட்டில் பாதிச் சமையல் மாஸ்டர் பொறுப்பு. அவித்தார், வேகவைத்தார், ஆவியில் வைத்தார். மனைவி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு "ம்" என்பார். நல்ல நாளில் "உப்பு சரியா இருக்கு" என்பார்.

இந்த இடத்தில்தான் சகலை உள்ளே நுழைந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர். பயணிகள் கப்பலில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஒரு கிரேக்கச் சமையல்காரரோடு சிநேகமாம். அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. கொழுந்தியாளுக்கு உடம்பு குறைய வேண்டும் என்று கேள்விப்பட்டதும், "கிரேக்கத்து பீட்டா செஞ்சு தர்றேன், வாங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

செய்முறை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. பேக்கரியில் வாங்கிய கோதுமை பீட்டா ரொட்டியைப் பாதியாக வெட்டினார். வெட்டிய பக்கம் பை மாதிரி திறந்துகொண்டது. எலுமிச்சையும் பூண்டும் போட்டு வாட்டிய கோழித் துண்டு, தக்காளி, வெங்காயம், நாலைந்து ஆலிவ் எல்லாவற்றையும் உள்ளே திணித்தார். மேலே கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய் துருவிப் போட்ட ஒரு சாஸ். அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாஸ்டர் வாயில் நுழையவில்லை.

"பதினஞ்சே நிமிஷம் சகலை! ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது!"

மாஸ்டரின் மனைவி ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"அத்தான், உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

மாஸ்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. தங்கக் காப்பு! கல்யாணமான நாள் முதல் இவர் கைக்கு ஒரு ரப்பர் பேண்டு கூடப் போடச் சொல்லாத வாய் அது. சகலை வேறு, "அடடா, இதெல்லாம் ஒரு சமையலா?" என்று கூச்சப்படுவது மாதிரி நடித்தார். அந்த நடிப்பு எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது.

ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. சகலையின் பீட்டாக்கள் ஒன்றுகூட முழுசாக நிற்கவில்லை. வாயின் இரண்டு ஓரமும் கிழிந்து, கோழி தட்டில் விழுந்தது, சாஸ் முழங்கை வரைக்கும் ஓடியது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டார்கள். மாஸ்டர் மட்டும் அந்தக் கிழிசலை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுல. இதே பீட்டா. நான் செய்யறேன்" என்று சொல்லிவிட்டார்.

"நீங்களா?" என்றார் மனைவி. அந்த ஒரு வார்த்தையை மாஸ்டர் ஒரு வாரம் மென்றார்.

ஞாயிறு வந்தது. மனைவி முழங்கால் பயிற்சிக்குப் போன நேரத்தில் மாஸ்டர் களத்தில் இறங்கினார். வெள்ளரித் துருவலில் உப்புப் போட்டு, பாக்கெட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தார். கம்பெனித் துணிதான், துவைத்தது. தண்ணீர் போனதும் சாஸ் கெட்டியாக நின்றது. கோழியும் பதமாக வந்தது. முதல் பீட்டாவைத் திணித்தார். கிழிந்தது. இரண்டாவதையும் திணித்தார். அதே ஓரம், அதே கிழிசல்.

அப்போதுதான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது. கால்சட்டைப் பாக்கெட்டும் முதலில் கிழிவது வாயோரத்தில்தானே! அதற்காகத்தானே இரண்டு முனையிலும் நாலு தையலை நெருக்கமாகப் போட்டு 'டாக்' அடிப்பது? புது ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். வெள்ளைப் பருத்தி நூல் கோத்தார். ஒவ்வொரு பீட்டாவின் வாயோரத்திலும் இரண்டு பக்கமும் டாக் அடித்தார். பிறகு திணித்து, தவாவில் வைத்துக் கரண்டியால் அமுக்கிச் சூடு காட்டினார். ஓரம் இறுகிப் போனது. நூலைப் பக்குவமாக உருவினார். பீட்டா வாயைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது. மாஸ்டர் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தார்.

சாஸை மேலே ஊற்றித் தட்டில் அடுக்கும்போது காலிங் பெல் அடித்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சகலையும் அக்காவும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே மனைவியும் வந்து, அடுக்கிய தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் உருவிய நூல் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தார். ஜோடி ஜோடியாகக் கிடக்க வேண்டிய நூலில் ஒன்று குறைந்தது.

மேசைக்கு ஓடினார். ஆளுக்கு ஒன்று தட்டில் போட்டாகிவிட்டது. வெள்ளைச் சாஸில் வெள்ளை நூல், எதில் என்று யார் கண்டுபிடிக்க? கடவுளே, சகலைக்கு மட்டும் போகக் கூடாது. போனால் அந்த மனுஷன் இதை ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். கப்பல் கதைக்கு அடுத்து இந்தக் கதைதான் ஓடும்.

சகலை கடித்தார். மென்றார். ஒன்றும் இல்லை. அக்கா கடித்தார். அவருக்கும் ஒன்றும் இல்லை. மாஸ்டர் தன்னுடையதை இரண்டே வாயில் முடித்தார். பல்லில் நூல் படாதா என்று ஏங்கினார். படவில்லை.

மனைவியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

நாக்கால் எதையோ துழாவி, இரண்டு விரலால் மெதுவாக இழுத்தார். நூல் நீளமாக வந்தது. நுனியில் மாஸ்டரின் இரட்டை முடிச்சு. பட்டன் கட்டிய கைக்கு அந்த முடிச்சு தெரியாதா? மனைவி நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தண்ணீர் டம்ளருக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியுமா என்று பார்த்தார்.

"என்னடி, என்ன அது?" என்றார் அக்கா.

"வெள்ளரித் தோல்." மனைவி கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். மறு கையால் மிச்சப் பீட்டாவை எடுத்து மறுபடி கடித்தார்.

சகலை தன் பீட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்படி சகலை இது? அதே பேக்கரி ரொட்டிதானே? என்னுது எல்லாம் கிழிஞ்சு தொங்குது, உங்களுது ஒண்ணுகூட வாயைத் திறக்கலையே?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் பதில் வேறு பக்கமிருந்து வந்தது.

"அது அவர் கைப்பக்குவம் அத்தான்," என்றார் மனைவி. "மத்தவங்களுக்கு வராது. கப்பல்ல இருந்தாலும் வராது."

சகலை அதற்கப்புறம் கிரேக்கச் சமையல்காரரைப் பற்றிப் பேசவே இல்லை. புறப்படும்போது மட்டும், "நேரம் கிடைச்சா எனக்கும் சொல்லித் தாங்க" என்று மெல்லிய குரலில் கேட்டார். அந்தக் குரலில் இருந்த எரிச்சல் மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும். போன வாரம் முழுக்கத் தன்னிடம் குடியிருந்ததுதானே. சும்மா சொல்லக் கூடாது, அதைக் கேட்க அவருக்கு இனிப்பாக இருந்தது.

கதவைச் சாத்தியதும் மாஸ்டர் அசடு வழிந்தார்.

"நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

"கோழி கொஞ்சம் வறண்டுபோச்சு. ருசின்னா அத்தான் செஞ்சதுதான் ருசி."

மாஸ்டருக்குப் பழைய இடத்தில் மறுபடியும் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்குடி நூலை மறைச்சே?"

"என் புருஷனைப் பார்த்து அவர் சிரிக்கறதா?" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார் மனைவி. அந்த நூல் அவர் விரலில் மோதிரம் மாதிரி இன்னும் சுற்றியே இருந்தது.