மேட்டுக்காட்டுக்குப் போகவேண்டிய குழாய்

மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. போர் போடும் ரிக் வண்டியில் இரும்பு ராடு தூக்கப் போனவன், வடக்கே எத்தனையோ பேர் காட்டில் தண்ணீரைக் காட்டிவிட்டு, சொந்த வண்டியோடு திரும்பினேன். திருச்செங்கோட்டுக்கு மேற்கே தோட்டமும் வாங்கினேன். அந்தத் தோட்டத்தில் போட்ட போர் மட்டும் தண்ணீரில்லாமல் வெறும் புழுதிப் புகையைக் கக்கியது.

சாக்கடை நீரைச் சுத்தம் செய்து நகராட்சி விடுகிற தண்ணீரை எங்கள் பக்கத்தில் முதலில் வாங்கியவனும் நான்தான். கீழ்க்காட்டில் கத்தரி மினுமினுவென்று காய்த்தது. மேட்டுக்காட்டில் தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கின. குழாய் அங்கே போக, நடுவிலிருக்கும் பங்காளி காட்டைத் தாண்ட வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் மேலே ஏறிப் பார்ப்பேன். ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் மறுபடி ஏறுவேன்.

பங்காளி பிடி கொடுக்கவில்லை.

"ஏனுங்ணா, உங்க பைப்பு ஒடைஞ்சா என்ற கெணத்துல பீத்தண்ணியில்ல எறங்கும்?"

"சுத்தம் பண்ணுன தண்ணிடா. என்ற கத்திரிக்காயத் தின்னவனெல்லாம் செத்தா போயிட்டான்?"

"அப்ப உங்க ஊட்டுல அந்தக் கத்திரிக்காயக் கொழம்பு வெச்சு எனக்கு ஒரு நேரம் சோறு போடுங்க. அண்ணியும் கூட உக்காந்து திங்கட்டும். அன்னைக்கே குழி பறிச்சுக்கங்க."

எங்கள் வீட்டுச் சமையலுக்கு மட்டும் என் மனைவி சந்தையில் வேறு கத்தரிக்காய் வாங்குவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். எங்கள் கீழ்க்காட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை நான் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டேன். அவனும் பிசைந்தான். மனைவியின் தட்டைப் பார்த்ததும் கையை நிறுத்திக்கொண்டான். அதில் தயிர்ச்சோறு மட்டுமே இருந்தது.

"போட்டுக்க புள்ள" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கு எறங்கலீங்க. நல்ல தண்ணின்னு சொல்றாங்க, இருக்கட்டும். முன்னாடி அந்தச் சாக்கடை வாய்க்கால்ல என்ன ஓடுச்சுன்னு கண்ணால பாத்தவ நானு."

தென்னை போயிற்று என்றே நினைத்தேன். பங்காளி புரையேறச் சிரித்தான்.

"உங்க ஊட்டுல நெசம் பேச ஒராளு இருக்கறாங்கண்ணா! தென்னைக்குன்னா பைப்பு உடறேன். கத்திரியப் புடுங்கிட்டு மாட்டுக்குப் புல்லு வெய்ங்க. பைப்பு ஒழுகுதான்னு தெனமும் அண்ணி பாத்துச் சொல்லோணும். உங்க பேச்சு வேண்டாஞ்சாமி."

எத்தனையோ ஊரில் பேசியே வேலை பிடித்தவன் நான்! வாயை மூடிக்கொண்டு கத்தரியைப் பிடுங்கினேன்.

குழாய் புதைத்தாயிற்று. இப்போது காலையில் அவள் குழாய் போன வழியே குனிந்து பார்த்தபடி நடக்கிறாள். நான் பின்னாலேயே போகிறேன்.

"ஈரம் தெரியுதா புள்ள?"

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். செத்த சும்மா வாங்க."