கூரைப் பாலத்தில் ஓர் அந்தியேட்டி

டென்மார்க் ஐரோப்பிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்று, சனமெல்லாம் முகத்தில் சிவப்பும் வெள்ளையும் பூசிக்கொண்டு திரிந்த வருசம் அது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நனைந்த பலகையின் மணம்தான் முதலில் வருகிறது…

ஸ்கீவ பட்டணத்துக்கு அங்காலே ஒரு சின்ன ஊர். எங்கள் அகதி காம்பிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஆறு, அதன்மேல் கூரை போட்ட பழைய மரப்பாலம். முதல் நாள் அதைப் பார்த்ததும் என்னோடு காம்பிலிருந்த ராசன் சொன்னான்: “எங்களுக்கு இன்னும் விசா இல்லை. இவங்கள் பாலத்துக்கே வீடு கட்டிக் குடுத்திருக்கிறாங்கள்!”

அந்த மாரி தொடங்கத்தான், எங்களோடு இருந்த தேவண்ணையின் தாய் ஊரில் மோசம் போனா. தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைப்பது. கடைசி மகன் இங்கே விசாவுக்குக் காத்திருந்தார்.

“கொள்ளிதான் வைக்கேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையாவது நான் செய்யவேணும்” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஐயர் இல்லை. ஊரில் அந்தியேட்டிக்குப் போகிற கீரிமலைத் தீர்த்தம் இல்லை. ஓடுகிற தண்ணீர் இருந்தது, மழைக்குக் கூரையும் இருந்தது.

டெனிஷ்காரர் பால்கஞ்சி காய்ச்சுகிற அரிசியில் பிண்டம் பிடித்தோம். தர்ப்பைக்கு ஆற்றங்கரைப் புல். மூன்று பேரும் சப்பாத்தைக் கழற்றினோம். பலகை ஐஸ் மாதிரி. எழுத்துத் தெரியாவிட்டாலும், செத்தவீடுகளில் கேட்ட தேவாரம் எனக்கு மனப்பாடம். பாடினேன்.

பாதியில் ஒரு டிராக்டர் வந்தது. பாலத்தில் ஒதுங்க இடமில்லை.

“அண்ணை, கெதியா எழும்புங்கோ! பொலிசுக்குச் சொல்லப்போறான்” என்றான் ராசன்.

“வரட்டும். அம்மாவை அனுப்பிப்போட்டுத்தான் வழி விடுவன்” என்றார் தேவண்ணை.

பயத்தில் என் பாட்டு நின்றுவிட்டது. டிராக்டர் சத்தமும் நின்றது.

ஓட்டிவந்த டெனிஷ் பொடியன் இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, தன் பூட்சையும் கழற்றிவிட்டு நின்றான்.

நான் விட்ட இடத்திலிருந்து பாடினேன்.

“போயிட்டு வாங்கோ அம்மா…” தேவண்ணை பிண்டத்தை ஆற்றில் விட்டார். அதுவரை அழாத மனிசன், அப்போதுதான் அழுதார்.

இப்போது எங்களுக்குக் கோயில் இருக்கிறது. ஐயர், ஹீட்டர் போட்ட மண்டபம், பிளாஸ்டிக் பையில் தர்ப்பை… எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் திவசம் என்றால் என் மனம் அந்தக் கூரைக்குக் கீழேதான் போய் நிற்கிறது.

ராசன் போய்விட்டான். போன மாரியில் தேவண்ணையும் போய்விட்டார். அன்று நான் பாடியதைக் கேட்டவர் என்று உயிரோடு இருப்பது இன்னும் ஒருவர்தான்… அந்த டிராக்டர்காரர், பிறகு எங்களுக்குப் பழக்கமான யென்ஸ்.